மருத்துவப்படி

பணி ஓய்வு பெறுகிறவருக்கு மாலையும் சால்வையும் வாங்குவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே அவருடைய ஓய்வூதியத் தாள்கள் எங்கள் பிரிவுக்கு வந்துவிடும். அவற்றில் மருத்துவ வசதி பற்றிய விருப்பம் ஒன்று கேட்கப்படுகிறது. 1954-ல் தில்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் அட்டை, அதாவது நாமெல்லாரும் சி.ஜி.எச்.எஸ். கார்டு என்று சொல்லிப் பழகியது, வேண்டுமா? அல்லது அத்திட்டம் எட்டாத ஊரில் குடியிருக்கப் போவதால் மாதாந்தர மருத்துவப்படி போதுமா? கிராஜுவிட்டிக் கணக்கை நான்கு முறை சரிபார்க்கும் நண்பர்கள்கூட இந்த இடத்துக்கு வந்ததும், "எதையாவது போட்டுக்கொள்ளுங்கள் சார்" என்பார்கள். நானும் பல ஆண்டுகள் அவர்கள் சொன்னபடியே போட்டு வந்தேன்.

என் தந்தையார் 2004-ல் தில்லியில் ஓய்வு பெற்றபோது மருத்துவப்படியையே தேர்ந்தார். அப்போது அது மாதம் 100 ரூபாய். தொகை பெரிதென்று அவர் எண்ணியதில்லை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்ஸரி இல்லை, அட்டை அன்றாடம் பயன்பட வேண்டுமென்றால் நகரத்தில் இருக்க வேண்டும். "36 வருஷம் அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குக் கொடுத்தாயிற்று, மிச்சம் நம் வீட்டுத் திண்ணைக்கு" என்று சொல்லிவிட்டு அம்மாவுடன் ரயிலேறினார். அவர் கையெழுத்திட்டது மருத்துவப் படிவத்தில், தீர்மானித்தது குடியிருப்பை.

படி 2008-ல் 300 ஆயிற்று, 2014-ல் 500, 2017-ல் 1,000. மருந்துக்கடைச் சீட்டு அதைவிட வேகமாக வளர்ந்தது. அம்மாவுக்கு நெடுநாளைய சர்க்கரை நோய். 2019-ல் அது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டதென்று தஞ்சாவூரில் சொன்னார்கள். படியை மட்டும் வாங்குகிறவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவு முழுவதும் கைக்காசுதான். தனியார் காப்பீட்டு முகவர் ஒருவரைப் பார்த்தோம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 4 ஆண்டு காத்திருப்பு என்றார் அவர். (2024-ல் அந்த உச்சவரம்பு 3 ஆண்டாகக் குறைந்தது.) "அதுவரை நோயைக் காத்திருக்கச் சொல்வாராமா?" என்று கேட்டார் அப்பா.

வெளிநோயாளிச் செலவுக்குப் படி, படுக்கைச் சிகிச்சைக்கு மட்டும் அட்டை என்ற நடுவழியும் உண்டு. ஆனால் அம்மாவுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் நிபுணரின் ஆலோசனையும் தேவைப்பட்டன. முழு அட்டைக்கு மாறுவதே வழி என்று விதிகளை எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். விருப்பத்தை ஆயுளில் ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். அந்த வரியை அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"ஒரே தடவைதானா?"

"ஆமாம்ப்பா."

திண்ணையை ஒருமுறை பார்த்தார். வேறொன்றும் பேசவில்லை.

வங்கி படியை நிறுத்திச் சான்று தர வேண்டும். அதன் பிறகே அட்டை. அந்தச் சான்று வருவதற்குள் அம்மா ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்தாள். வைப்புத்தொகை ஒன்றை உடைத்துத்தான் கட்டினோம். கோப்புகளோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்துகிற நான், என் வீட்டுக் கோப்பை நான்கு ஆண்டு முன்பே நகர்த்தியிருக்கலாம். அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை.

சந்தாவிலும் ஒரு வாதம் நடந்தது. அப்பாவின் நிலைக்கு மாதம் 450 ரூபாய். ஆண்டுதோறும் கட்டலாம், அல்லது 10 ஆண்டுத் தொகையான 54,000 ரூபாயை ஒரேயடியாகக் கட்டி ஆயுள் அட்டை பெறலாம். அவருக்கு அப்போது 75 வயது. ஆண்டுச் சந்தாவே இலாபம் என்று குமாஸ்தா புத்தியில் சொல்லிவிட்டேன். எதை வைத்துக் கணக்கிட்டேன் என்பது அவருக்கு விளங்காமலா இருக்கும்? கோபிக்கவில்லை. "நான் போனபிறகு உன் அம்மா வருஷா வருஷம் அந்த ஆபீஸ் வரிசையில் நிற்கணுமாடா?" என்றார். முழுத்தொகையையும் கட்டினோம். ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு இருவரும் என்னோடு தில்லிக்கே வந்து சேர்ந்தார்கள்.

அப்பா 2022-ல் காலமானார். அம்மாவின் அட்டை புதிய சந்தா எதுவுமின்றித் தொடர்கிறது. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்தவர்களுக்கெல்லாம் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரித்தபோது, சி.ஜி.எச்.எஸ். உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். ஆண்டுக்கு 5 இலட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவுக்கு உண்டு என்று அம்மாவிடம் விளக்கினேன். அவளுக்கோ மாதாமாதம் மாத்திரை வேண்டும். "உங்கப்பா கட்டினதே இருக்கட்டும்" என்றாள்.

இப்போதெல்லாம் படிவத்தோடு வருகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன்: எந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள்? வீட்டில் அம்மாவுக்கு உடம்பு எப்படி? சென்ற வாரம் ஒருவர் வழக்கம்போல் "எதையாவது போடுங்கள்" என்றார். நான் போடவில்லை. மனைவியைக் கேட்டுக்கொண்டு நாளை வருவதாகச் சொல்லிப் போனார். படிவம் என் மேசையில்தான் இருக்கிறது.