ரெண்டாவது அடி

ஆபீஸ்ல ஆணி அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியல. போன வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன். அங்க எங்க சித்தப்பா கேட்ட ஒரு கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. எழுதினாத்தான் இறங்கும் போல. வழக்கமான மொக்கை இல்ல மக்களே, கொஞ்சம் சீரியஸ் பதிவு. பொறுத்துக்கங்க.

எங்க ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கண்மாய்ப் பாசனம். 2014 நவம்பர்ல ஒரு நாள் காலைல, எங்க சித்தப்பா மம்பட்டியால அடிச்சு ஒருத்தர் செத்துப்போனார். செத்தவர் வேற யாரும் இல்ல, பங்காளி. எனக்குப் பெரியப்பா முறை. சின்ன வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திருவிழாவுக்குப் போனவர். அவர் பையனும் நானும் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. அதனால இந்தக் கதைல யார் பக்கம் நின்னு எழுதுறதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

தகராறு மொத்தம் ஆறு சென்ட் நிலத்துக்கு. 1980-கள்ல யு.டி.ஆர். அளவைன்னு ஊர் ஊரா பட்டாவை எல்லாம் புதுசா எழுதினாங்க இல்லையா? அதுல நடந்த குளறுபடிகளுக்கு இன்னும் தாலுகா ஆபீஸ் வாசல்ல கூட்டம் நிக்குது. எங்களுக்கும் ஒண்ணு நடந்துச்சு. எங்க தாத்தா உழுதுகிட்டிருந்த ஆறு சென்ட், பெரியப்பா வீட்டுப் பட்டாவுல ஏறிடுச்சு. யாரும் கவனிக்கல. முப்பது வருஷமா நாங்கதான் பயிர் வெச்சோம், அடங்கல்லயும் எங்க பேர்தான். 2014-ல பெரியப்பா போர் போடுறதுக்காகப் பேப்பரை எடுத்துப் பார்த்தப்போதான் விஷயம் வெளிய வந்துச்சு. சர்வேயரைக் கூட்டிட்டு வந்து அளந்தார், கல்லு நட்டார். சித்தப்பா கல்லைப் பிடுங்கினார். பஞ்சாயத்து பேசினாங்க. அப்புறம் ஒரு நாள் விடிகாலைல பெரியப்பா தனியா வந்து, நாப்பது நாள் பயிரோட சேர்த்து வரப்பை வெட்ட ஆரம்பிச்சுட்டார்.

பக்கத்து வயல்காரர் சாட்சி சொன்னபடி பார்த்தா, முதல்ல வாய்ச்சண்டை. சித்தப்பா மம்பட்டியைப் பிடுங்கப் போனார். பெரியப்பா இடுப்புல இருந்த கதிர் அருவாளை வீசினார், சித்தப்பாவுக்கு இடது முன்கைல வெட்டு விழுந்துச்சு. சித்தப்பா மம்பட்டியை இழுத்து அடிச்சார். ரெண்டு அடி. அன்னிக்கு மத்தியானமே வி.ஏ.ஓ.கிட்ட போய் சரண்டர் ஆயிட்டார்.

நான் அப்போ திருச்சில இன்ஜினியரிங் முதல் வருஷம். குற்றப்பத்திரிகை போட்டதும் வக்கீல் ஒரு கட்டு ஜெராக்ஸை என் கைல குடுத்து, "நீ படிச்சவன்தானே, வாசிச்சு உங்க சித்தப்பாகிட்ட விவரம் சொல்லு"ன்னார். எங்க குடும்பத்துல இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஜீவன் நான்தான். (எழுதத் தெரியுமான்னு எங்க டீம் லீடைக் கேளுங்க.) அப்படித்தான் தற்காப்புன்னா சட்டத்துல என்னன்னு நான் தெரிஞ்சுக்கிட்டேன். செமஸ்டருக்குக்கூட அவ்வளவு படிச்சதில்ல.

இந்திய தண்டனைச் சட்டத்துல 96-ல இருந்து 106 வரைக்கும் தற்காப்பு உரிமைதான். 2024 ஜூலை 1-ல இருந்து அதுக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, அதுல 34-ல இருந்து 44. நம்பர்தான் மாறிச்சு, விஷயம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. உடம்பைக் காப்பாத்திக்கவும் உரிமை உண்டு, சொத்தைக் காப்பாத்திக்கவும் உரிமை உண்டு. ஆனா ரெண்டும் ஒரே அளவு இல்ல. சொத்துக்காக ஒருத்தர் உயிரை எடுக்கலாம்னு சட்டம் விடுற இடங்கள் கொஞ்சம்தான். கொள்ளை, ராத்திரில வீடு உடைக்கிறது, குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைக்கிறது, அப்புறம் திருட்டோ அழிம்போ வீட்டுக்குள்ள அத்துமீறி நுழையறதோ உயிருக்கோ பெரிய காயத்துக்கோ பயப்படுற மாதிரி நடந்தா. சும்மா வயலுக்குள்ள வந்து வரப்பை வெட்டுறது இதுல வராது. தடுக்கலாம், தேவைப்பட்டா அடிக்கலாம், கொல்லக்கூடாது.

அதனாலதான் நிலத் தகராறு கொலை வழக்கு எல்லாமே கடைசில உடம்பு வழக்கா மாறிடுது. அந்த ஆறு சென்ட் யாரோடதுன்னு செஷன்ஸ் கோர்ட் முடிவு பண்றதில்ல. அது சிவில் கோர்ட் வேலை. இங்க கேள்வியெல்லாம் வேற. அன்னிக்குக் காலைல வயல் யார் கைல இருந்துச்சு? ஆயுதத்தோட வந்தது யாரு? யார் மேல முதல்ல காயம் பட்டுச்சு?

வயல் யார் கைல இருந்துச்சுங்கறதுக்கு 1975-ல உச்ச நீதிமன்றம் ஒரு பஞ்சாப் வழக்குல சொன்னது எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. சொந்தக்காரர் இல்லாதவராவே இருந்தாலும், சொந்தக்காரருக்குத் தெரிஞ்சு ரொம்ப நாள் அனுபவத்துல இருந்து பயிரும் வெச்சுட்டா, உண்மையான சொந்தக்காரரேகூட வந்து அந்தப் பயிரை அழிச்சு நிலத்தைப் பிடுங்கக்கூடாது. வந்தா, பயிர் வெச்சவருக்குத் தற்காப்பு உரிமை உண்டு. பட்டாவை விட நாப்பது நாள் நாத்து பெருசுன்னு அன்னிக்கு எனக்குப் புரிஞ்சது. (நாம கோர்ட்டுக்குப் போனா கட்டு கட்டா பட்டா, பத்திரம்தானே தூக்கிட்டுப் போவோம்?) எங்க கேஸ்ல அடங்கல் நகல்தான் வேலை செஞ்சுச்சு.

காயத்துக்கு வந்தா, அரசாங்க ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு. போலீஸ் ரிமாண்டுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போனப்போ டாக்டர், கை வெட்டுன்னு ஒழுங்கா எழுதி வெச்சிருந்தார். அந்த மகராசன் நல்லா இருக்கணும். குற்றம் சாட்டப்பட்டவர் உடம்புல இருக்கிற காயம் எப்படி வந்துச்சுன்னு போலீஸ் தரப்பு விளக்கலைன்னா, அவங்க உண்மையை மறைக்கறாங்கன்னு கோர்ட் எடுத்துக்கலாம். இது 1976-ல ஒரு பீகார் வழக்குல வந்த தீர்ப்பு.

இதெல்லாம் படிச்சுட்டு நான் கொஞ்சம் குஷியாத்தான் இருந்தேன். 2010 ஜனவரியில ஒரு பஞ்சாப் வழக்கு, அதுவும் பங்காளிச் சண்டை. வயல்ல அப்பாவை கண்டாசாவால வெட்டினதும் பையன் துப்பாக்கியால சுட்டுட்டார். கீழ்க்கோர்ட் விடுதலை பண்ணுச்சு, ஹைகோர்ட் தண்டிச்சுச்சு, கடைசில உச்ச நீதிமன்றம் விடுதலை பண்ணிடுச்சு. நீதிபதி தல்வீர் பண்டாரி எழுதின தீர்ப்பு. தாக்கப்படறவன் எவ்வளவு பலமா திருப்பி அடிக்கணும்னு தராசு வெச்சு நிறுத்துப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாதுங்கறது அதோட சாரம். ஆகா, இதேதான் நம்ம கேஸ்னு நினைச்சேன்.

அப்புறம் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பிரிச்சேன். காயம் ரெண்டு. ஒண்ணு நெத்தியில. ரெண்டாவது இடத்துக்கு 'ஆக்ஸிபிட்டல்'னு போட்டிருந்துச்சு. என்னன்னு தெரியாம ஹாஸ்டல்ல கூகிள் பண்ணிப் பார்த்தேன். பிடரிக்கு மேல, மண்டையோட பின்பக்கம். சாவுக்குக் காரணம் அந்தக் காயம்தான்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. ஏன்னா அதுக்கு முந்தின நாள்தான் 1962-ல வந்த இன்னொரு தீர்ப்பைப் படிச்சிருந்தேன். அதுவும் பஞ்சாப், அதுவும் வயல் தகராறு. வயல் கைல இருந்தவங்களுக்குத் தற்காப்பு உரிமை இருந்துச்சுன்னு கோர்ட் ஒத்துக்குது. ஆனா எதிராளி திரும்பி ஓட ஆரம்பிச்ச நிமிஷமே ஆபத்து போயிடுச்சு, ஆபத்து போனா உரிமையும் போயிடுச்சுன்னு சொல்லிடுது. முதல் அடி தற்காப்பு. முதுகைக் காட்டினவன் மேல விழுந்தா ரெண்டாவது அடிக்குப் பேர் வேற.

அந்த சனிக்கிழமை திருச்சி ஜெயில்ல மனு போட்டுச் சித்தப்பாவைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்னு, "பேப்பர்ல என்னப்பா போட்டிருக்கு?"ன்னு கேட்டார். நாலு மாசத்துல பாதியா இளைச்சிருந்தார். எனக்கு நாக்கு எழும்பல. "ஒண்ணும் இல்ல சித்தப்பா. எல்லாம் டாக்டர் பாஷை. கை வெட்டு பதிவாயிருக்கு, அது போதும்"னு சொல்லிட்டு வந்துட்டேன். பெரியப்பாவைப் பின்னாடி இருந்து அடிச்சீங்களான்னு அவர் மூஞ்சியைப் பார்த்து என்னால கேக்க முடியல. கேட்டு ஆமான்னு சொல்லிட்டார்னா?

விசாரணை வழக்கம்போல இழுத்துச்சு. தற்காப்பு வழக்குல ஒரு பெரிய சிக்கல் உண்டு. தற்காப்புன்னு சொல்லணும்னா 'ஆமா, நான்தான் அடிச்சேன்'னு முதல்ல ஒத்துக்கணும். அந்த ரிஸ்க் எடுக்க வக்கீல்கள் யோசிப்பாங்க. கடைசில நீதிபதி ஒவ்வொரு சாட்சியா எடுத்துச் சொல்லி, 'இதுக்கு நீ என்ன சொல்றே'ன்னு கேப்பார். அப்போ 313-ங்கற பிரிவு. எங்க வக்கீல், எல்லாத்துக்கும் 'பொய்'னு சொல்லச் சொல்லிட்டார். சித்தப்பாவும் கிளிப்பிள்ளை மாதிரி பொய், பொய், பொய்னு சொல்லிட்டு இறங்கிட்டார். பிடரிக் காயத்துக்கும் அதே பதில்தான். அப்புறம் வாதத்துல வக்கீல் தற்காப்பைக் கிளப்பினார். அப்படிச் செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவர் வாயத் திறக்கலைன்னாலும் சாட்சியத்துல இருந்தே தற்காப்பு தெரிஞ்சா கோர்ட் பார்க்கணும்னு 1960-கள்லயே தீர்ப்பு இருக்கு. முழுசா நிரூபிக்கக்கூட வேணாம், அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினாப் போதும்.

2018-ல தீர்ப்பு. அனுபவம் ஓகே, கை வெட்டு ஓகே, முதல் அடி தற்காப்புதான். ஆனா ரெண்டாவது அடி பின்னந்தலைல விழுந்திருக்கு, அதுக்கு எதிரி தரப்புல எந்த விளக்கமும் இல்ல, உரிமையோட எல்லையைத் தாண்டிட்டார்னு நீதிபதி எழுதிட்டார். (கோர்ட் தமிழ்ல 'எதிரி'ன்னா குற்றம் சாட்டப்பட்டவர். அந்த வார்த்தையை சித்தப்பாவுக்குப் படிச்சுக் காட்டினதும் நான்தான்.) 302 இல்ல, 304 முதல் பகுதி. ஏழு வருஷம். அப்பீலும் எடுபடல. 2023-ல வெளிய வந்தார்.

போன வாரம் ராத்திரி சாப்பிட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்திருந்தோம். எங்கேயோ வரப்புத் தகராறு, ஒருத்தர் வெட்டிக் கொலைன்னு நியூஸ் ஓடுச்சு. சித்தி சட்டுனு சேனலை மாத்தினாங்க. சித்தப்பா டிவியைப் பார்த்துக்கிட்டே, "ஏம்ப்பா, ஒருத்தன் குனிஞ்சா ஓடுறான்னு அர்த்தமா?"ன்னார்.

எனக்குப் புரியல.

"முதல் அடில அருவா அண்ணன் கைல இருந்து வரப்புக்கு அந்தாண்ட விழுந்திருச்சு. அதை எடுக்கக் குனிஞ்சாரு. எனக்கு ஒத்தக் கைதான் வேலை செய்யுது. நிமிந்தாருன்னா நான் செத்தேன்னு நினைச்சேன். நீதிபதி அய்யா, திரும்பி ஓடினவரை அடிச்சதா எழுதிட்டாருன்னு ஜெயில்ல ஒரு பையன் தீர்ப்பைப் படிச்சுச் சொன்னான். அவரு எங்க ஓடினாரு?"

"இதை ஏன் சித்தப்பா அப்பவே சொல்லல?"

"யாரு கேட்டா?"

குனிஞ்சவருக்கும் பின்னந்தலைலதான் அடி விழும், ஓடினவருக்கும் அங்கதான் விழும். அருவாளைச் சேத்துக்குள்ள இருந்துதான் எடுத்தோம்னு இன்ஸ்பெக்டர் சாட்சியத்துலயே இருக்கு. நானே படிச்சிருக்கேன். இந்த விளக்கத்தைக் கோர்ட் நம்பியிருக்குமா? தெரியாது. பத்து வருஷம் கழிச்சுச் சொல்றதை நானே முழுசா நம்புறேனான்னா, அதுவும் தெரியாது. பெரியப்பா பையன் இதைக் கேட்டா காறித் துப்புவான், அவனுக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா 2015-ல அந்தக் கம்பி வலைக்கு முன்னாடி 'பிடரில எப்படி சித்தப்பா காயம்?'னு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா, இது வக்கீலுக்குப் போயிருக்கும். 313-ல 'பொய்'க்குப் பதிலா அவர் வேற ஏதாவது சொல்லியிருப்பார்.

இதை அவர்கிட்ட சொல்லலாம்னு வாயெடுத்தேன். சித்தி எனக்கு ஒம்பதரை பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாங்க. சித்தப்பா இடது கையைத் தடவிக்கிட்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். அந்த ஆறு சென்ட் வழியாத்தான் போகணும். ரெண்டு வீடும் உழாம விட்டதுல கருவேல மரம் ஆள் உயரத்துக்கு நிக்குது. பஸ் வர்ற வரைக்கும் பேசாம நின்னோம்.

பொங்கலுக்குப் போகும்போது சொல்லிடணும்.