புறப்பாடும் ஆறுதலும்

பிழைப்பை நாடிப் பம்பாய் வந்து பைகுல்லாவில் நாங்கள் குடியேறிய காலத்தில், அடுத்த வீட்டில் பெனே இஸ்ரவேல் மரபினரான யூதப் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். மராத்தி அவர்தம் தாய்மொழி. எபிரேயம் வழிபாட்டு மொழி. பிள்ளைகள் இஸ்ரேல் சென்றுவிட்டனர், அவர் தங்கிவிட்டார். தீபாவளியை ஒட்டிய ஒரு சனிக்கிழமை, 1861ஆம் ஆண்டு டேவிட் சசூன் எழுப்பிய தொழுகைக் கூடத்திற்கு எங்களை நடத்தியே அழைத்துச் சென்றார்.

எங்கள் உள்ளம் அன்று அமைதியாக இல்லை. ஊரிலுள்ள பூர்வீக வீட்டை விற்றுவிடலாம் என்று தமையனார் எழுதிய கடிதம் அவ்வாரந்தான் வந்திருந்தது.

யூதர்கள் தோரா எனும் ஐந்து ஆகமங்களை 54 பகுதிகளாக வகுத்து, ஓராண்டில் ஓதி முடிப்பர். கையால் எழுதப்பெற்ற அத்தோல் சுருளில் உயிர்க்குறிகள் இரா. அதனைத் தொடர்ந்து தீர்க்கதரிசிகளின் நூலிலிருந்து ஒரு பகுதி ஓதப்பெறும். ‘முடிவு’ எனப் பொருள்படும் ‘ஹப்தாரா’ என்பது அதன் பெயர். இரண்டையும் பிணைப்பது ஒரு சொல்லாகலாம், ஒரு நிகழ்ச்சியாகலாம், சில வேளைகளில் காலமே காரணமாகும். எருசலேம் ஆலயம் அழிந்ததற்குத் துக்கம் காக்கும் நாளை அடுத்த ஏழு வாரங்களும் ஏசாயாவின் ஆறுதல் மொழிகளே ஒலிக்கும்.

அன்றைய தோராப் பகுதி ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் தொடங்கியது. நாட்டையும் இனத்தையும் தந்தையின் வீட்டையும் விட்டுப் புறப்படுமாறு ஆபிரகாமுக்கு ஆணை பிறக்கிறது. பெரியவர் அதன் பொருளைக் காதோடு கூறியபோது, தமையனாரின் கடிதமே நினைவில் எழுந்தது. விற்றுவிடத்தான் வேண்டும் போலும் என எண்ணினோம்.

பின்னர் ஏசாயா ஓதப்பட்டது. கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்து, பாபிலோனில் சிறையிருந்தோர்க்கு உரைத்த மொழிகள் அவை. தங்கள் வழி இறைவனுக்கு மறைந்துபோயிற்றே என்று புலம்புவோரை, ஆபிரகாமின் வழித்தோன்றல்களே என்று தீர்க்கதரிசி அழைக்கிறார்.

“இரண்டையும் இணைப்பது அந்தப் பெயர்தானா?” என்று திரும்பும் வழியில் வினவினோம்.

“பெயர் மட்டுமன்று. ஆபிரகாம் விட்டு வந்த கல்தேயர் நாட்டிற்கே அவன் மரபினர் சிறைப்பட்டுப் போனார்கள். புறப்படு என்பதோடு நிறுத்தினால் அது பாதிச் செய்தி. களைத்து நிற்கும்போது, யாருடைய பிள்ளைகள் நாம் என்பதை யாரேனும் சொல்ல வேண்டும்” என்றார். சிறிது நடந்தபின், “என் பிள்ளைகள் முதற்பகுதியை எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு இரண்டாம் பகுதி மிஞ்சியது” என்று சிரித்தார். அச்சிரிப்பில் எங்களால் கலந்துகொள்ள இயலவில்லை.

அன்றிரவு குழந்தைகளை அமர்த்தி, அவ்வீட்டைக் கட்டிய பாட்டனாரைப் பற்றியும், அவர் கொல்லையில் கிணறு வெட்டியதைப் பற்றியும் சொன்னோம். “அவருடைய தாத்தாவின் பெயர் என்ன?” என்று கேட்டாள் மூத்தவள். எங்களுக்குத் தெரியவில்லை.

தமையனாருக்கு எழுதிய மறுமொழியில் முதலில் அதனைத்தான் கேட்டோம். விற்பனைக்கு இசைவு தெரிவித்தது அடுத்த வரியில்தான்.