பதில் சொல்லாதவை

ஒரு பெரிய வைத்தியசாலையின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த நிமிடம் எத்தனை கருவிகள் இயங்கிக்கொண்டிருக்கின்றன? பட்டியல் ஒன்று இருக்கிறது. எப்போதோ கழித்துவிட்ட கணினிகள் அதில் உண்டு. நேற்று யாரோ கொண்டுவந்து செருகியது இல்லை.

2017 மே 12, வெள்ளிக்கிழமை, வன்னாக்ரை என்ற கணினிப் புழு பிரித்தானிய வைத்தியசாலைகளுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மருந்து இருந்தது, அது போய்ச் சேராத கணினிகளும் இருந்தன. இருப்பதே தெரியாத கணினிக்கு யார் மருந்து கொடுப்பது? அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுப்பதில்லை.

தேடுவதற்கு முதல் வழி பிங். 1983 டிசெம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல். சோனாரின் ஒலியை நினைத்து அந்தப் பெயரை வைத்தார். ஒரு முகவரியிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். இருந்தால் பதில் வரும். ஆனால் எங்களுடையதைப் போன்ற வலையமைப்பில் 65,536 முகவரிகள். பெரும்பாலானவை வெறும் வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நொடி காத்து நின்றால் 18 மணித்தியாலம் போய்விடும். நேரத்தைத் தின்பது கேட்பதல்ல, காத்து நிற்பதுதான்.

2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய ஸீமேப் காத்து நிற்பதே இல்லை. யாரிடம் கேட்டோம் என்பதைக்கூட அது நினைவில் வைக்காது. கேள்விகளை அனுப்பிக்கொண்டே போகும். வருவது தன் கேள்விக்கான பதில்தான் என்பதை அறிய, கேள்வியிலேயே ஓர் அடையாளத்தைப் பொதிந்து அனுப்பும். ஒரே வலையமைப்பு திணறாதபடி முகவரிகளைக் கலைத்துப் போட்டுக் கேட்கும். பொது இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் சுற்றிவந்தது.

எங்களுக்கு அந்த வேகம் ஆகாது. பழைய மருத்துவக் கருவிகள் சில, அளவுக்கு மீறித் தட்டினால் உறைந்து நின்றுவிடும். நொடிக்கு ஆயிரம் கேள்வி என்றாலே ஒரு நிமிடத்தில் அநேகமாக எல்லா முகவரிகளையும் கேட்டுவிடலாம். அந்தக் கருவிகள் உள்ள பகுதிகளில் இன்னும் மெதுவாகவே போவேன்.

பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்றும் ஆகாது. பல கணினிகளின் தீச்சுவர் பிங்கை வாசலிலேயே மறித்துவிடும். அதனால் என்மேப் போன்ற நிரல்கள் பிங்கோடு 443, 80 ஆகிய எண் வாசல்களையும் தட்டிப் பார்க்கின்றன. 'அந்தச் சேவை இங்கே இல்லை' என்ற மறுப்பு வந்தாலும் போதும். மறுப்பதற்கும் ஒருவர் உள்ளே இருக்கவேண்டும்.

இதை ஒருநாள் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். "கதவு திறக்காட்டி பக்கத்து வீட்டில கேக்கிறதுதானே?" என்றார். நல்ல வழி அதுதான். பிங்குக்கு வாய் திறக்காத கணினியும் தன் பகுதிக்குள் உறவாட ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரவுட்டர் அதைத் தன் அட்டவணையில் வைத்திருக்கும். எந்தக் கேபிள் வழியாக எந்தக் கருவி பேசியது என்பதை சுவிட்ச் குறித்திருக்கும். அவற்றை வாசித்தால் போதும், யாரையும் தட்டவேண்டியதில்லை. ஐபிவி6இல் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்ப்பது நடவாத காரியம். அதன் ஒரு சாதாரணக் கிளையில், நொடிக்குப் பத்து லட்சம் முகவரிகளைக் கேட்டாலும் முடிக்க 5 லட்சம் வருடங்களுக்கு மேலாகும்.

போன குளிர்காலத்தில் அப்படி வாசித்தபோது, பட்டியலில் இல்லாத, எந்தக் கேள்விக்கும் பதில் தராத ஒன்று தென்பட்டது. கேபிளைப் பிடித்துக்கொண்டு போனேன். ஆய்வுகூடத்தின் மூலையில், அலுமாரிக்குப் பின்னால், ஒரு பழைய கணினி. இரத்தப் பரிசோதனை முடிவுகளை விடுதிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பல வருடங்களாக ஒரு திருத்தமும் அதற்குப் போகவில்லை.

அன்று பின்னேரமே அதைப் பட்டியலில் எழுதினேன்.