பெட்ரோ என்பவர் யார்?

பிற நாட்டு நண்பர் ஒருவர் நம் ஊருக்கு வருகிறார் என்றால் மகிழ்ச்சி உண்டாவது இயல்பு. ஆனால், ஒல்லாந்து தேசத்து நண்பர் ஒருவர், "உங்கள் பருத்தித்துறையை ஒரு நாள் முழுவதும் சுற்றிப் பார்க்க விரும்புகிறேன்" என்று எழுதியபோது நமக்கு மகிழ்ச்சியிலும் கலக்கமே மிகுந்தது. சிகிரியாக் குன்றமோ கண்டி அரண்மனையோ இல்லாத இச்சிறு பட்டினத்தில் எதைத்தான் காட்டுவது? அவரோ நம்மைப் போலவே இளைப்பாறிய பூமிசாத்திர ஆசிரியர். கேள்வி கேட்டே பழகியவர்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதற் கேள்வி பிறந்தது. "ஆங்கிலத்தில் உங்கள் ஊரைப் பொயின்ற் பெட்ரோ என்கிறார்களே, அந்தப் பெட்ரோ என்பவர் யார்? தளபதியா, பாதிரியாரா?"

நமக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. கடலோரத்துப் பாறைகளைக் கண்ட போர்த்துக்கேயர் இவ்விடத்தைப் "பொந்தா தாஸ் பெட்ராஸ்", அதாவது கற்களின் முனை, என்று அழைத்தனர். ஆங்கிலேயர் நாவில் அக்கற்கள் ஒரு மனிதராகிவிட்டன. நாமோ பருத்தியின் பெயரால் இதனைத் துறை என்கிறோம். அவர்கள் கண்டது கல்லை. நம் முன்னோர் கண்டது வாணிகத்தை. இதைச் சொன்னதும் நண்பர் தமது குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். நமக்கும் சற்றே தைரியம் பிறந்தது.

தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். தெருவோரத்தில் மடம் கட்டுவது எங்கும் உள்ள வழக்கம். இங்கே தெருவையே உள்ளடக்கிக் கட்டியிருக்கிறார்கள். இருபுறமும் உயர்ந்த திண்ணைகள், கல்லாலான தூண்கள், மேலே கூரை. நடுவே வீதி செல்கிறது. சுமையோடு நடந்து வந்தவர் வழியை விட்டு விலகாமலே நிழலில் அமர்ந்து இளைப்பாறலாம். திண்ணையில் சாய்ந்திருந்த முதியவர் ஒருவர், "வாங்கோ மாஸ்ரர், வெய்யில் தாழட்டும், இருந்திட்டுப் போங்கோ" என்றார். நண்பரும் அமர்ந்தார். முன்பின் அறியாதவரை வீடு போல அழைக்கின்ற தெருவைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்றார்.

பின்பு அவர் கேட்டதுதான் நம்மைச் சுட்டது. "உங்கள் மாணவர்கள் இம்மடத்தைப் படமாக வரைவார்களா?"

முப்பது ஆண்டுகள் நாம் பூமிசாத்திரம் கற்பித்தோம். ஒல்லாந்தர் கடலை அணைகட்டித் தடுத்து நிலமாக்கிய விதத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டினோம். நம் மாணவர் அதை ஒப்புவித்துப் பரீட்சையிற் சித்தியும் எய்தினர். ஆனால், ஒரு நாளேனும் அவர்களை வரிசையாக நடத்திவந்து இத்திண்ணையில் இருத்தியதில்லை. நண்பருக்கு என்ன விடை சொல்வது? "இல்லை" என்றோம்.

அப்பால் 1916இல் கட்டப்பட்ட, ஏறக்குறைய 32 மீற்றர் உயரமான வெளிச்சவீட்டைக் காட்டினோம். பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை என்று இலங்கை முழுவதையும் இரண்டு பெயர்களில் அடக்கிச் சொல்வது நம் வழக்கம். எனினும் நாட்டின் வட எல்லை பட்டினத்தின் நடுவில் இல்லை. சற்று மேற்கே சக்கோட்டை முனையில் இருக்கிறது. அங்கே நின்று வடக்கே நோக்கினால் கடலன்றி வேறொன்றும் தென்படாது. தேநீரோடு பருத்தித்துறை வடையும் வாங்கிக் கொடுத்தோம். மெல்லிதாய், மொறுமொறுப்பாய், நாட்பட்டாலும் கெடாத அவ்வடை பயணிகளுக்கென்றே பிறந்தது. நண்பர் பொதியொன்று கட்டுவித்துக்கொண்டார்.

மாலையில் அவர் தாம் வந்த காரணத்தை வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டியஸ் என்னும் ஒல்லாந்த மதபோதகர், 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலைத் தம் நாட்டு நூலகத்திற் கண்டாராம். அதிலே தமிழெழுத்துகளையும் பார்த்தாராம். "பால்டியஸ் ஒரு புளியமரத்தின் கீழ் நின்று போதித்தார் என்கிறார்களே, அம்மரம் எங்கே?"

சந்தைக்கு அருகே ஒரு நினைவுக்கல்லின் முன் அவரை நிறுத்தினோம். மரம் இல்லை. 1960களில் வீசிய சூறாவளியில் அது வேரோடு சாய்ந்தது. அப்போது நாம் சிறு பிள்ளை. பாட்டனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வேர்களைப் பார்த்தது மங்கலாக நினைவிலிருக்கிறது. அதன் பின் அந்தக் கல்லை ஆயிரம் முறை கடந்திருப்போம், நின்று வாசித்ததில்லை. நண்பர் தொப்பியைக் கழற்றிச் சிறிது நேரம் மௌனமாக நின்றார். தம் நாட்டவர் ஒருவரைத் தேடி வந்தவர் அவர். நாமோ நம் பாட்டனாரைக் கண்டோம்.

நண்பர் ஊர் திரும்பிய மறுவாரம், வெளிநாட்டுக்குப் புறப்படவிருந்த நம் இளைய மகனை அழைத்துக்கொண்டு அதே வழியில் நடந்தோம். இருபத்தைந்து வயது நிரம்பியவன். இந்த ஊரிலேயே பிறந்தவன். மடத்துத் திண்ணையில் அமர்ந்தவன், "அப்பா, இதையெல்லாம் ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்றான். நண்பருக்குச் சொன்ன ஒற்றைச் சொல்விடை கூட அப்போது நம் வாயில் வரவில்லை.

பெற்றோரே, உங்கள் ஊரிலும் ஒரு மடமோ, கேணியோ, பட்டுப்போன மரத்தின் அடியோ இருக்கும். அதைக் கேட்க ஒரு வெளிநாட்டவர் வரும்வரை காத்திராதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டுங்கள்.