சாரலுக்கு முன் ஓர் அறை



ஆனி பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் வெளியூர் மக்கள் திரள் திரளாக வருவார்கள். குற்றால அருவிகளில் நீராடி, சாரலில் நனைந்து, மகிழ்ச்சியோடு ஊர் திரும்புவார்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில் குடியிருக்கும் எங்களுக்கோ அந்தச் சாரல் இரண்டு மூன்று மாதம் வீட்டிலேயே தங்கும் விருந்தாளி. குற்றால மலையின் வளத்தைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. அவர் பாடிய வளம் உண்மைதான். ஆனால் அந்த வளத்தைத் தரும் ஈரக்காற்றை முதலில் வாங்குவது எங்கள் வீடுகளின் மேற்குச் சுவர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே மலையைக் கடந்து வரும் அந்தக் காற்றினால் துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப் போகும், தரையிலிருந்து சுவரில் ஓதம் ஏறும். மலைநாட்டுக் குளிர் இங்கே இல்லை. ஆயினும் முதியவர்களின் மூட்டுகளுக்கு இந்த ஈரக்குளிரே போதுமானது.

எங்களில் ஒருவருக்குத் தாயாகவும் மற்றவருக்கு மாமியாகவும் இருக்கும் எங்கள் உம்மாவுக்கு வயது 71. பழைய வீடு என்பதால் கழிப்பறை பின்முற்றத்தின் கோடியில் இருந்தது. 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு, தஹஜ்ஜுத் தொழுகைக்காக ஒளூச் செய்யச் சென்றவர் பாசி படிந்த கல்லில் வழுக்கி விழுந்தார். அல்லாஹ்வின் அருளால் எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். அந்த மூன்று வாரமும் எங்களுக்கு உறக்கம் சரியில்லை. அடுத்த சாரலுக்கு முன் வீட்டில் ஓர் அறை எடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முடிவு நல்ல முடிவுதான். திட்டம்தான் வழி தவறியது. கட்டுவது என்று வந்துவிட்டால் ஆசைக்கு அணை இருப்பதில்லை. உம்மாவுக்கு ஓர் அறை என்று தொடங்கிய பேச்சு, பிள்ளைகளுக்கும் ஓர் அறை, விருந்தினர் வந்தால் ஒரு கூடம் என வளர்ந்து, மாடியில் 600 சதுர அடிக்கு 14 லட்ச ரூபாய் மதிப்பீட்டில் வந்து நின்றது. 10 லட்சம் வங்கியில் கிடைக்கும் என்றார்கள். எல்லாரும் வாங்குகிறார்களே, கட்டாயத் தேவைதானே என்று எங்கள் மனமும் சாக்குகளைத் தேடத் தொடங்கியதை மறைக்க விரும்பவில்லை.

ஓரிரவு தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 12,670 ரூபாய். பத்தாண்டு முடிவில் நாம் கட்டியிருப்பது ஏறத்தாழ 15,20,000 ரூபாய். வட்டி ஹராம் என்பதைச் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். அது எத்தனை பெரிய சுமை என்பதை அன்றுதான் இலக்கத்தில் பார்த்தோம். பக்கத்தில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த உம்மா தலை நிமிராமலே கேட்டார்: "எல்லாம் சரி வாப்பா, அந்த மாடிக்கு நான் எப்படி ஏறுவேன்?"

யாருக்காகக் கட்டுகிறோமோ அவரால் ஏற முடியாத இடத்தில் அறையைத் திட்டமிட்டிருந்தோம். வெட்கமாகப் போயிற்று. மாடித் திட்டத்தை அன்றே மடித்து வைத்தோம்.

கீழே, பின்முற்றத்தில், கழிப்பறையோடு சேர்ந்த ஓர் அறை; மொத்தம் 210 சதுர அடி. கொத்தனார் மதிப்பீடு கொடுத்தார். கடைக்காலும் அடிமட்டமும் 70,000, சுவர் 75,000, மேல்தளக் கான்கிரீட் 1,10,000, பூச்சு 60,000, தரையும் கழிப்பறையும் 75,000, கதவு ஜன்னல் 45,000, மின்சாரம், குழாய், பெயிண்ட் 45,000. ஆக 4,80,000 ரூபாய். மாடிக்காக வாங்க இருந்த கடனின் வட்டி மட்டுமே 5,20,000. அந்த வட்டியைவிடக் குறைந்த தொகையில் உம்மாவின் அறை முழுவதும் எழுந்துவிடும்!

அந்தச் சமயம் கனடாவில் டொரண்டோ நகரில் வாழும் எங்கள் தங்கையும் தன் வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அடித்தளத்தை நான்கு அடி ஆழத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாம். மண்ணிலுள்ள நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்து, மேலோட்டமான அடித்தளத்தைத் தூக்கிவிடும் என்பதால், பனி எட்டாத ஆழத்தில் நிறுத்துகிறார்கள். "இங்கே தண்ணீர் கீழிருந்து தூக்கும். உங்களுக்கு எங்கிருந்து வரும் என்று முதலில் பாருங்கள்" என்றாள். அந்தக் கேள்வியோடு கொத்தனாரின் தாளை மீண்டும் படித்தபோதுதான் அதில் சாரலே இல்லை என்பது தெரிந்தது.

எங்களுக்கு நீர் மூன்று வழியாக வருகிறது. தரையிலிருந்து செங்கலின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. இதைத் தடுக்க, அடிமட்டத்தின் மேல், சுவர் தொடங்கும் முன், நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த ஒன்றரை அங்குலக் கான்கிரீட் பட்டை வேண்டும். மேற்கிலிருந்து காற்றோடு சாய்வாக அடிக்கிறது; இதற்கு முக்கால் அடிச் சுவரும், இரண்டடி நீண்ட சன்ஷேடும் வேண்டும். மேலே தளத்தில் தேங்குகிறது. இதற்கு வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதிக்க வேண்டும். செங்கல்லையும் சோதித்தே வாங்கினோம். நல்ல செங்கல் ஒருநாள் முழுவதும் நீரில் ஊறினாலும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரைக் குடிக்கக் கூடாது. வீட்டுத் தராசே இதற்குப் போதும்.

கழிப்பறையை மேற்கே வைத்தோம். சாரலை அது தாங்கிக்கொள்ளும். படுக்கும் அறைச் சுவர் உலர்ந்திருக்கும். நம் பகுதிக்குக் கிப்லா மேற்குக்குச் சற்று வடக்காக அமைவதால், மலக்கோப்பையைத் தெற்கு நோக்கிப் பதித்தோம். அமர்ந்தபடியே ஒளூச் செய்யத் தாழ்வான குழாய், வழுக்காத தரை ஓடு, நிலைப்படி இல்லாத வாசல், பிடித்துக்கொள்ளக் கம்பி ஆகியவற்றையும் சேர்த்தோம். இவற்றோடு அனுமதிக் கட்டணம், வண்டிக்கூலி, இடிபாடு அகற்றும் செலவு என்று மதிப்பீட்டில் இல்லாதவை 62,000 ரூபாய். மொத்தம் 5,42,000.

பிறகு வெட்டத் தொடங்கினோம். தேக்கு நிலைக்குப் பதில் வேம்பு. சுவர் அலமாரி பிறகு பார்க்கலாம். வாசலில் அலங்கார வளைவு தேவையில்லை. கூரைக்கு அடியில் பூ வேலை தேவையில்லை. 47,000 குறைந்து 4,95,000 ஆயிற்று. சாரலுக்காகச் சேர்த்தவற்றில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. செலவிடுவதில் விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது என்ற மார்க்கத்தின் அளவுகோல், ஒரு செங்கல் கணக்கில்கூட எப்படிப் பொருந்துகிறது என்பதை அப்போது உணர்ந்தோம்.

எங்கள் சேமிப்பு 4,15,000 ரூபாய். மீதியை எங்கே தேடுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட உம்மா, ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் 1,20,000 ரூபாய் இருந்தது. உம்ராவுக்கென்று பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது. நாங்கள் மறுத்தோம். அவர் விடவில்லை. இறுதியில், அன்பளிப்பாக வேண்டாம், அழகிய கடனாக வாங்கிக்கொள்கிறோம் என்றோம். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். ஆகவே மாதம் 5,000 ரூபாய் வீதம் 24 தவணை என்று எழுதி, இரு சாட்சிகளிடம் கையொப்பம் பெற்றோம். "பெற்ற பிள்ளையிடமா பத்திரம்?" என்று உம்மா சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அவருடைய வயதும் அந்தத் தாளில் எழுதப்படாமல் இருந்தது.

அந்தப் பணத்தோடு 5,35,000 ஆயிற்று. செலவு போக 40,000 ரூபாயை எதிர்பாராததற்கென்று தனியே வைத்தோம். வாரக்கூலியை மட்டும் முன்னதாகவே உறைகளில் பிரித்து வைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸருக்கு முன் கொடுத்தோம். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. பொருள் வாங்கியதில் பணம் முடங்கியபோதும் அந்த உறைகளைத் தொடவில்லை.

2025 ஜனவரியில் வானம் தோண்டினோம். வடகிழக்குப் பருவமழைக்கும் சாரலுக்கும் இடைப்பட்ட ஐந்து மாதங்களே எங்கள் கையில் இருந்தன. அதற்குள் ரமளானும் வந்தது. மார்ச் 2இல் நோன்பு தொடங்கும் முன் மேல்தளக் கான்கிரீட்டை முடித்துவிட்டோம். தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்தினோம்; ஸஹருக்கு எழுந்ததும் அந்த நீரின் அளவைப் பார்ப்பது பிள்ளைகளின் வேலையாயிற்று.

பருவமழை வழக்கமாக ஜூன் 1ஐ ஒட்டியே கேரளத்தில் தொடங்கும். மே இறுதிக்குள் எல்லாம் முடியும் என்று எண்ணியிருந்தோம். அந்த ஆண்டு மே 24ஆம் நாளே தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு அத்தனை முன்னதாக வந்ததில்லை. புதிதாகப் பூசிய மேற்கு வெளிப்பூச்சு கரைந்து வழிந்தது. மூடாமல் வைத்த சிமெண்ட் மூட்டைகள் கல்லாயின. பெருநாளுக்குப் பிறகு பத்து நாள் வேலையை நிறுத்தியது எங்கள் தவறு. தார்ப்பாய் கட்டி, மீண்டும் பூசி முடிக்க 24,000 ரூபாய் ஆனது. ஒதுக்கி வைத்த தொகை அன்று எங்களைக் காத்தது. அது இல்லையெனில் யாரிடமாவது கை நீட்டியிருப்போம். மிஞ்சிய 16,000இல் உம்மாவின் முதல் மூன்று தவணைகளைக் கொடுத்தோம்.

அந்தச் சாரல் முழுவதும் உம்மா புதிய அறையில் உறங்கினார். கட்டில் பக்கத்துச் சுவரைத் தினமும் தடவிப் பார்த்தோம். ஓதம் ஏறவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நள்ளிரவில் குழாய் திறக்கும் ஓசை கேட்டால் இப்போது பதறி எழுவதில்லை. அலமாரி இன்னும் வரவில்லை. உம்மாவின் துணிகள் பழைய டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன.

இதை எழுதும்போது ஒன்பது தவணைகள் முடிந்து, 75,000 ரூபாய் மீதம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பணத்தை வாங்கி எண்ணி, தாளில் குறித்துவிட்டு, அதே பையில் உம்மா போட்டு வைக்கிறார். அந்தப் பை நிரம்பும்வரை அவருக்கு நீண்ட ஹயாத்தையும் நடக்கும் வலிமையையும் தருமாறு இறைஞ்சுகிறோம். வீடு கட்டவிருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் துஆவிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.