குனிந்தால் தணியும் வலி

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே என் கால்கள் ஈயமாகக் கனத்தன. பின்தொடையில் எரிச்சல், பாதத்தில் மரமரப்பு. நின்று பார்த்தேன்; தணியவில்லை. கரையோரச் சுவரில் அமர்ந்தபின்தான் வலி விலகியது. ஆலயத்திலும் அவ்வாறே. நற்செய்தி வாசிக்கையில் நிற்க இயலாது தவித்த எனக்கு, முன்னிருக்கையின்மேல் சாய்ந்து முழந்தாளிடுகையில் வேதனை தெரியவில்லை. எழுபது வயதில் இது பக்தியின் பலன் என்று மனைவி கேலி செய்தாள்.

கோரிமேட்டு ஜிப்மரில் (1823இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது) மருத்துவர் கேட்ட முதற்கேள்வி என்னை வியக்க வைத்தது: "ஐயா, சைக்கிள் ஓட்டினால் வலிக்கிறதா?"

முத்தியால்பேட்டையிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு இன்றும் சைக்கிளில்தான் செல்கிறேன். ஒருநாளும் வலித்ததில்லை. இரத்தக்குழாய் அடைப்பாயின் மிதித்தாலும் வலிக்கும், நின்றாலே தணியும் என்றார் அவர். பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோளாறு முதுகில்தான் என்றார். எம்.ஆர்.ஐ. படமும் அதையே காட்டியது.

நம் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலத் தொங்குகின்றன. மருத்துவர்கள் அதை அப்பெயராலேயே அழைக்கிறார்கள். முதுமையில் வட்டுகள் பிதுங்கி, தசைநார் தடித்து, மூட்டெலும்புகள் வளர, அவை செல்லும் கால்வாய் குறுகுகிறது. நிமிர்ந்தால் மேலும் இறுகும். குனிந்தால் சற்றே விரியும். மிதிவண்டியில் முன்சாய்வதன் இரகசியம் இதுதான். வயதானவர் கூன்போட்டு நடப்பதைக் கண்டு "நிமிர்ந்து நட" என்று அதட்டுவோர் இதை அறிவது நலம்.

இந்நோயைத் தெளிவுற விளக்கியவர் நெதர்லாந்தின் ஹென்க் வெர்பீஸ்ட். 1949இல் பிரெஞ்சிலும், 1954இல் ஆங்கிலத்திலும் எழுதினார்.

என்னை வாட்டிய கேள்வி வேறு: முதுகைக் கத்திக்குக் கொடுப்பதா? எங்கள் தெருவில் "முதுகில் கத்தி வைத்தால் படுக்கைதான்" என்பது வேதவாக்கு. மருத்துவர் அச்சுறுத்தவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை. அமெரிக்காவில் 13 மையங்களில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டோர் இரண்டாண்டுகளில் மற்றவரைவிட நலமாயிருந்தனர். செய்யாதோரும் பெரும்பாலும் முடங்கிவிடவில்லை என விளக்கினார். எலும்பின் பின்வளைவை அகற்றி நரம்புக்கு இடம் தருவதே அறுவை. கால்வலிக்கு அது நன்கு உதவும். இடுப்புவலிக்கு அவ்வளவு உறுதி கூற முடியாது. ஊசி மருந்தின் பயன் பெரும்பாலும் சில வாரங்களே.

ஆகவே முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சி, வயிற்றுத்தசைப் பயிற்சி, சைக்கிள் ஆகியவற்றை ஆறு மாதம் செய்து பார்ப்பதென முடிவாயிற்று. நடக்கும் தூரம் சுருங்கிக்கொண்டே போனால் அறுவைக்கு இசைவேன். மனைவியிடம் அதைச் சொல்லியும்விட்டேன்; அன்றிரவு அவள் உறங்கவில்லை.

ஒன்றை மட்டும் மருத்துவர் இருமுறை சொன்னார்: சிறுநீரோ மலமோ கட்டுப்பாடிழந்தால், இருக்கையில் படும் இடம் மரத்தால், கால் திடீரென வலுவிழந்தால், விடியும்வரை காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.