எத்தனை குளிர்காலம்?

விடுதிக்குள் காலெடுத்து வைத்ததுமே பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். வாசலை ஒட்டி நீளமான அலமாரி. பனி உருகிச் சொட்டும் பூட்ஸ்கள் அதில் வரிசையாக இருந்தன. நம் வீட்டு வாசலைப் பார்த்ததுபோல மனசு இளகிவிட்டது. ஆனால் இந்தப் பழக்கம் இங்கே வந்த வழி வேறு. லாங்யர்பியன் நிலக்கரியால் உண்டான ஊர். சுரங்கத்திலிருந்து திரும்புகிறவர்களின் காலில் கரித்தூள் அப்பியிருக்கும் என்பதால் வாசலோடு நிறுத்தினார்கள். இங்கே நார்வேக்காரர்கள் நடத்திய கடைசிச் சுரங்கமான ஏழாம் எண் 2025-ல் மூடப்பட்டுவிட்டது. கம்பளிக் காலுறையோடு நடக்கும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த ஊர் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் நார்வேக்கும் வடதுருவத்துக்கும் நடுவே, சுமார் 78 டிகிரி வடக்கில் கிடக்கிறது. ஆர்க்டிக்கின் மற்ற பகுதிகளில் இனுயிட், சாமி என்று காலங்காலமாக வாழ்ந்துவரும் மக்கள் உண்டு. இங்கே அப்படி யாரும் இருந்ததில்லை. 1596-ல் டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் கண்ட பிறகு திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். நரித்தோலுக்கும் கரடித்தோலுக்கும் வந்தவர்களும் அப்படியே. 1906-ல் ஜான் லாங்யர் என்ற அமெரிக்கர் சுரங்கம் திறந்த பிறகுதான் இந்த ஊர் உருவானது. இன்று சுமார் 2,500 பேர், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள், வசிக்கிறார்கள்.

விடுதியைச் சுத்தம் செய்யும் தாய்லாந்துப் பெண்ணிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல், "நீங்கள் எத்தனை நாள்?" என்றார். ஆறு நாள் என்றேன். "எனக்குப் பதினோரு குளிர்காலம்" என்றார். டாக்ஸி ஓட்டிய நார்வேக்காரரும், கடையில் சில்லறை எண்ணிக் கொடுத்த பிலிப்பினோ இளைஞரும் இதே கணக்கைத்தான் சொன்னார்கள். எங்கிருந்து வந்தோம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. எத்தனை இருட்டைத் தாண்டினோம் என்பதுதான் கணக்கு.

முன்பு சுரங்கத் தொழிலாளர்களை மணந்து சில தாய்லாந்துப் பெண்கள் வந்தார்கள். பின்னாலேயே அக்காள் தங்கை, சொந்தபந்தம் என்று வேலை தேடி வந்தார்கள். வருவதற்கு விசா வேண்டாம். 1920-ல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் நார்வேக்கு ஆட்சியுரிமை தந்தது. கூடவே, கையெழுத்திட்ட நாட்டினர் எல்லோருக்கும் இங்கே தொழில் செய்யச் சம உரிமையும் தந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவின் பெயரும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. ஆனால் நார்வேயின் பிரதான நிலப்பகுதியைக் கடந்துதான் வர வேண்டும் என்பதால், என் போன்றவர்களுக்கு இரண்டு முறை நுழைய இடம்தரும் ஷெங்கன் விசா கட்டாயம்.

வரலாம், உழைக்கலாம், சொந்தக் காலில் நிற்கும்வரை இருக்கலாம். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதவர்களுக்குச் சமூக உதவித்தொகை கிடையாது. முதியோரைப் பராமரிக்க ஏற்பாடு இல்லை. பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கர்ப்பிணிகள் பிரதான நிலப்பகுதிக்கு, ட்ராம்சோ போன்ற ஊர்களுக்கு, போய்விட வேண்டும். இங்கே சாவதற்கே தடை என்று எழுதுகிறார்களே, அது தவறு. நிலம் ஆழம்வரை உறைந்து கிடப்பதால் சவப்பெட்டியைப் புதைப்பதில்லை. அஸ்திக் கலசத்துக்கு அனுமதி உண்டு. சரிவில் இருக்கும் சின்ன இடுகாட்டில் வெள்ளைச் சிலுவைகளைப் பார்த்தேன். 1918-ன் விஷக்காய்ச்சலில் இறந்த ஏழு இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். வேலைக்கென்று கப்பலேறி வந்தவர்கள்.

விடுதியில் பார்த்த அந்தத் தாய்லாந்துப் பெண்ணுக்கு ஒரு மனக்குறை. வெளிநாட்டவர் நார்வேயின் பிரதான நிலப்பகுதியில் மூன்று ஆண்டுகளாவது வாழ்ந்திருந்தால்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2022-ல் விதி மாறியது. "பனி தள்ளுறேன், வரி கட்டுறேன், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புறேன். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லையாம்" என்றார். தீவு நார்வேயின் கையிலேயே இருக்க வேண்டும் என்ற அரசின் கவலை புரிகிறது. ரஷ்யர்களின் ஊரான பாரென்ட்ஸ்பர்க் இதே தீவில்தான் இருக்கிறது. இருந்தும் இது அநியாயம் என்றே நினைக்கிறேன். 2015 டிசம்பரில் பனிச்சரிவு வீடுகளைப் புரட்டிப்போட்டு இரண்டு உயிர்களைக் கொண்டுபோனபோது, கையில் கிடைத்த மண்வாரியோடு ஓடிவந்து தோண்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டா தோண்டினார்கள்?

மார்ச் 8-ம் தேதிக்காகவே அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவிலேயே தொடுவானத்துக்கு மேலே வந்துவிடுகிறது. ஆனால் சுற்றிலும் மலை. ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். பழைய மருத்துவமனைக் கட்டடம் இப்போது இல்லை. அதன் மரப்படிகளைத்தான் எல்லோரும் சூழ்ந்து நிற்கிறார்கள். வெயில் முதலில் அங்கே படவேண்டும்.

அந்தப் பெண் தன் மகளோடு வந்திருந்தார். முகமெல்லாம் மஞ்சள் சாயம் பூசிய சிறுமி, அம்மா சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில், "எனக்கு ஏழு குளிர்காலம்" என்றாள்.

"பிறந்ததிலிருந்தே இங்கேதானா?"

தலையை ஆட்டி மறுத்தாள். "பிறந்தது ட்ராம்சோவில். அங்கே கொஞ்ச நாள்தான் இருந்தோம்."

அதற்குள் பிள்ளைகள் சூரியனைக் கூப்பிட்டுக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். மேகம் சற்றே விலகியது. படியின் மரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று விழுந்தது. சிறுமி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.